பல்வங்கர் பாலு

ஹிந்துக்கள் 242-ம் 160-ம்; ஐரோப்பியர் 191-ம் 102-ம்; ஹிந்துக்கள் கட்சிக்கு 109 ஓட்டங்களால் வெற்றி. 1906-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் நடந்தேறிய ஒரு கிரிக்கெட் பந்தயத்தின் முடிவு இவ்வளவே. பத்திரிகையில் இத்தகைய கணக்கைக் கண்ணுறுவோர், வென்றவர் யார், எத்தனை ஓட்டங்களால் வென்றனர் என்று பார்த்துவிட்டு மறுபக்கம் புரட்டுவது வழக்கம். நாமும் அவ்வாறு செய்பவர்களே. ஆயினும் இவ்வொரு கணக்கை மட்டும் அங்ஙனம் கடந்து செல்ல மனம் ஒருப்படவில்லை. அவ்வாட்டத்தில் ஹிந்துக்கள் கட்சிக்குப் பந்தெறிந்தவருள் முதன்மை பெற்று விளங்கியவர் பல்வங்கர் பாலு என்பார். அவருடைய சரித்திரத்தை அறிந்த பிறகே அந்நான்கு எண்களின் பொருள் விளங்கும் என்பது நம் எண்ணம்.

பாலு பிறந்தது தார்வாரில். காலம் 1870-களின் நடுப்பகுதி. பிறந்த குலமோ, தோல் வேலையைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டதென்று பிறரால் ஒதுக்கி வைக்கப்பட்ட சமார் வகுப்பு. தகப்பனார் புனா நகரில் ராணுவத்தைச் சார்ந்த ஓர் உத்தியோகத்தில் இருந்தார். அந்நகரில் வெள்ளைக்காரத் துரைமார் கிரிக்கெட் ஆடுவதும், அவர்கள் கழித்துவிட்ட மட்டையும் பந்தும் சிறுவர் கையில் வந்து சேர்வதும் இயல்பாயிருந்தன. பாலுவும் அவர் தம்பி சிவராமும் அவ்வாறு கிடைத்த சாமான்களைக் கொண்டே ஆடக் கற்றனர். பிற்காலத்தில் புகழ்பெற்ற விட்டல், கணபதி என்போரும் இவர்தம் தம்பியரே.

குடும்ப வறுமையினால் பாலுவின் படிப்பு நெடுநாள் நடைபெறவில்லை. பார்சிகளின் கிரிக்கெட் சங்கமொன்றில் மைதானத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலையில் அமர்ந்தார். சம்பளம் மாதம் 3 ரூபாய். 1892-ஆம் வருஷத்தையொட்டி ஐரோப்பியருடைய புனா கிளப்பிற்கு மாறினார். அங்கே 4 ரூபாய். வலை கட்டுதல், ஆடுதளத்தைச் செப்பனிடுதல், டென்னிஸ் களங்களுக்குக் கோடு போடுதல் ஆகியவை அவர் கடமைகள். பயிற்சிக்கு வரும் துரைமாருக்கு வலையில் பந்தெறிவதும் நாளடைவில் அவ்வேலையோடு சேர்ந்துகொண்டது.

அவருடைய கலை பிறந்த இடம் இதுவே. இடக்கையால் மெதுவாக எறிபவர் அவர். ஓரிரு அடி ஓட்டம். அலட்டலற்ற கை வீச்சு. ஆயினும் பந்து விழுந்த இடத்தினின்று எப்பக்கம் திரும்பும் என்று மட்டை பிடித்தவர் துணிந்து கூற இயலாது. ஐரோப்பியருள் தலைசிறந்த ஆட்டக்காரராயிருந்த கிரீக் என்னும் கேப்டன், மற்றவர் வருவதற்கு முன்னரே மைதானத்திற்கு வந்து பாலுவைப் பந்தெறியச் செய்து நெடுநேரம் பழகுவாராம். தம்மை ஒருமுறை வீழ்த்தினால் எட்டணா கொடுப்பார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. (இந்தக் கிரீக் துரை படைத் தொழிலை விட்டபின், முதிய வயதில், 1935-ல் கத்தோலிக்கக் குருவாக அபிஷேகம் பெற்றார் என்பதையும் இங்கே குறித்து வைக்கின்றோம்.) எட்டணாக் கதை உண்மையோ கட்டுரையோ, அந்த வலையில் கழிந்த நாழிகைகளே பாலுவுக்குப் பள்ளிக்கூடமாயின என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தனை நாழிகைகளுள் ஒரு தடவையேனும் மட்டையைக் கையில் வாங்கி ஆடுமாறு அவரை எவரும் பணித்ததில்லை. பந்தெறிதல் உழைப்பு; அதனை ஊழியனிடம் விடலாம். மட்டை பிடித்தல் கனவான்களின் உரிமை. அக்காலத்தில் ஆட்டத்துக்குள்ளேயே இப்படி ஒரு வருணப் பாகுபாடு இருந்தது.

புனாவில் ஹிந்துக்களுடைய கிளப்பும் ஒன்று இருந்தது. ஐரோப்பியரை வெல்லவேண்டும் என்ற ஆசை அவர்களை வாட்டிற்று. அவ்வெற்றிக்கு வேண்டிய கை எதிரியின் மைதானத்தில் கோடு போட்டுக் கொண்டிருக்கின்றது என்பதும் அவர்களுக்குத் தெரியும். சேர்ப்பதா, தீட்டு என்று விடுவதா என்று பெரும் விவாதம் நடந்தது. சங்கத்திலிருந்த தெலுங்கு அங்கத்தினர் சேர்க்கலாம் என்றனர். உள்ளூர் வைதிகர் மறுத்தனர். இறுதியில் வெற்றி வேட்கையே வென்றது. பாலு சேர்க்கப்பட்டார்.

சேர்த்துக்கொண்ட விதத்தைக் கவனிக்கவேண்டும். மைதானத்தில் பாலு தொட்ட பந்தை மற்றவர் தொடுவர். ஆட்ட இடைவேளையில் மற்றவருக்குக் கிண்ணங்களில் தேநீர் உள்ளே வரும். பாலுவுக்கு, குடித்தபின் எறிந்துவிடத்தக்க மண் குவளையில் வெளியே வரும். முகம் கழுவ வேண்டுமாயின் அவர் வகுப்பைச் சேர்ந்த வேலையாள் ஒருவன் மைதானத்தின் மூலையொன்றுக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவான். உணவு தனித் தட்டில், தனி மேஜையில். தருமபுரி ஜில்லாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை என்னும் வழக்கத்தை நம் பெற்றோரும் பாட்டனாரும் கண்ணாற் கண்டிருக்கின்றனர்.

இதில் ஒரு விந்தை உண்டு. கிரிக்கெட் பந்து தோலினால் ஆனது. தோலைத் தொடும் தொழில் பற்றியே ஒரு குலத்தாரைத் தீண்டத்தகாதவர் என்றனர். அந்தத் தோற்பந்தையோ நாள் முழுதும் கைமாற்றிக் கைமாற்றி ஆடினர். பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்கு உண்டு என்பது எந்தச் சாஸ்திரத்தின் விதியோ நாம் அறியோம்.

பாலுவின் பலத்தால் புனா ஹிந்துக்கள் தம் ஊர் ஐரோப்பியரை வென்றனர். சாதாரா நகருக்குச் சென்றும் அவ்வூர் வெள்ளையரை முறியடித்தனர். அறிஞர் மகாதேவ கோவிந்த ரானடே இவ்வெற்றிகளைப் பாராட்டியதோடு நில்லாமல், உடன் ஆடத்தக்க ஒருவரோடு உடன் உண்ணலாகாதா என்ற கேள்வியையும் தம் இனத்தார் முன் வைத்தார். பின்னர் 1896-ல் தோன்றிய கொள்ளைநோய் பலரை இடம் பெயர்த்தது. பாலுவும் பம்பாய் சேர்ந்தார். அங்கே பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் ஹிந்து ஜிம்கானாவில் இடம் பெற்றதோடு, பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வேயில் உத்தியோகமும் பெற்றார்.

இனி, நாம் தொடக்கத்தில் குறித்த பந்தயத்துக்கு வருவோம். பம்பாயில் பார்சிகளும் ஐரோப்பியரும் தமக்குள் ஆடிவந்தது 1877 முதலேயாம். ஹிந்துக்கள் அவ்வரிசையில் இடம்பெற நெடுநாள் காத்திருந்தனர். 1906-ல் ஐரோப்பியர் அவர்களுடைய அறைகூவலை ஏற்றுக்கொண்டனர். ஹிந்துக்களுக்குத் தலைவர் எம். டி. பாயீ. விக்கெட் காப்பவர் நம் சென்னையிலிருந்து சென்ற சேஷாச்சாரி. பாலுவோடு தம்பி சிவராமும் அணியில் இருந்தார்.

முதல் இன்னிங்ஸில் ஹிந்துக்கள் 242 எடுத்தனர். ஐரோப்பியர் 191-ல் வீழ்ந்தனர். 51 ஓட்டங்கள் முன்னணி. மறு இன்னிங்ஸில் ஹிந்துக்கள் 160 எடுக்கவே, ஐரோப்பியர் வெல்ல 212 வேண்டியதாயிற்று. அது எட்டாத எண்ணன்று. முதல் இன்னிங்ஸில் ஏறக்குறைய அவ்வளவு எடுத்தவர்களே அவர்கள். ஆனால் பலர் ஓடித் தேய்ந்த ஆடுதளத்தில், கடைசிநாளில், இடக்கைப் பந்தை எதிர்த்து நிற்பது வேறு காரியம். 102-ல் ஆட்டம் முடிந்தது.

கிரிக்கெட்டின் கணக்குத் தாளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீழ்ந்தால் பந்தைப் பிடித்தவர் பெயரும் எறிந்தவர் பெயரும் ஒரே வரியில் எழுதப்படும். எறிந்தவர் சமார், பிடித்தவர் பிராமணர் என்று அங்கே இரண்டு பத்தி இல்லை. பாலுவுக்கென்று தனித்தாளும் இல்லை. அந்நாளைய இந்தியாவில் அவர் பெயர் மற்றவர் பெயரோடு இடைவெளியின்றி நின்ற இடம் அத்தாள் ஒன்றே என்று கூறினாலும் பெரிதும் பிழையாகாது. பம்பாய் ஹிந்து ஜிம்கானாவார் இன்னும் ஒருபடி மேற்சென்றனர். பாலுவையும் சிவராமையும் தம்மோடு அமர்த்தி உணவருந்தினர். பந்தய வெற்றியைக் காட்டிலும் இச்செய்தியையே சீர்திருத்தப் பத்திரிகைகள் பெரிதாகக் கொண்டாடின. புனாவில் வாயிலுக்கு வெளியே நின்ற குவளை பம்பாயில் உள்ளே வந்துவிட்டது.

இவ்விடத்தில் கடல் கடந்து ஒரு நோக்கு நோக்கலாம். அமெரிக்க நாட்டில் கிரிக்கெட்டின் உறவு போன்ற பேஸ்பால் என்னும் ஆட்டம் கூலி பெற்று ஆடும் பெருந்தொழிலாய் வளர்ந்தது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு அதன் பெரிய அணிகளில் நீக்ரோ இனத்தார் எவருக்கும் இடமில்லை; எழுதாச் சட்டம் அது. 1947-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி ஜாக்கி ராபின்ஸன் என்பார் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் களமிறங்கினார். முடிவு, புரூக்ளின் 5, பாஸ்டன் 3. ராபின்ஸன் அன்று ஒருமுறையும் பந்தைச் செவ்வனே அடித்து இடம் பிடிக்கவில்லை. எதிரியின் பிழையால் தளம் ஏறி ஓர் ஓட்டம் எடுத்தார். எண்களை மட்டும் பார்ப்பவர் அதைச் சாதாரண ஆட்டமென்றே சொல்வர். உலகம் இன்றும் அந்நாளை மறக்கவில்லை. பாலுவின் பந்தயம் அதற்கு 41 ஆண்டுகள் முற்பட்டது. அதனை நம்மவர் எத்தனை பேர் அறிவர்?

1911-ல் இந்திய அணியொன்று முதன்முறையாக எல்லா மதத்தாரையும் சேர்த்துக்கொண்டு இங்கிலாந்து சென்றது. தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். மகாராஜாவுக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு வைபவமும் விருந்துகளும் இருந்தன. மைதானத்துக்கு வர ஒழிவு குறைவு. அணியோ தோல்விமேல் தோல்வி கண்டது. மொத்தம் 23 பந்தயங்களில் வென்றவை 6, தோற்றவை 15, முடிவற்றவை 2. இத்தகைய அணியில் ஒருவர் தனித்து மின்னுவது எத்துணைக் கடினம் என்பதை ஆடுவோர் அறிவர். பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். விக்கெட்டுக்குச் சராசரி 18.84 ஓட்டங்கள். முதல்தரப் பந்தயங்களில் மட்டும் 75 விக்கெட்டுகள், சராசரி 20.12. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கு எதிராக 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். லெஸ்டர்ஷையரை வென்ற ஆட்டத்தில் அவர் பங்கு 11 விக்கெட்டுகள். சாமர்செட்டை ஒரே விக்கெட் வித்தியாசத்தில் வென்றபோது தம்பி சிவராம் ஆட்டமிழக்காமல் 113 எடுத்தார். முதல்தரப் பந்தயங்களில் இவ்வணி வென்றவை இவ்விரண்டே. இரண்டிலும் பல்வங்கர் சகோதரர் கையே ஓங்கியிருந்தது. அப்போது பாலுவுக்கு வயது முப்பத்தைந்தையொட்டியது. தோளிலும் வலி கண்டிருந்தது.

ஊர் திரும்பியபோது பம்பாய்த் தாழ்த்தப்பட்டோர் கூடி அவருக்கு வரவேற்பளித்தனர். அவ்விழாவின் வாழ்த்துப் பத்திரத்தில் பங்கு கொண்டவர், அந்நாளில் எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவராயிருந்த பீமராவ் அம்பேத்கர். ஒதுக்கப்பட்ட குலத்து இளைஞருக்குப் பாலுவின் பெயர் அக்காலத்தில் எத்தகைய ஊக்கமாயிருந்தது என்பதை இதனால் உணரலாம்.

இவ்வளவும் ஆகியும் ஒன்று மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. அணித் தலைமை. 1912 முதல் முகம்மதியரும் சேர்ந்து பம்பாய்ப் போட்டி நால்வகைப் போட்டியாயிற்று. ஆண்டுதோறும் ஹிந்துக்களின் தலைவர் யாரென்று பேச்சு எழும். அணியில் அனுபவத்தாலும் திறமையாலும் பாலுவுக்கு மேற்பட்டவர் இல்லை என்று ஆட்டமறிந்தோர் கூறுவர். தேர்வாளர் வேறொருவரை நியமிப்பர். உடன் உண்ணலாம் என்ற மட்டும் வந்த மனம், அவர் சொற்படி நடக்கலாம் என்ற மட்டும் வரவில்லை. 1920-ல் இது முற்றிற்று. பாலுவை விட்டுவிட்டுத் தேவ்தர் என்னும் இளைஞரைத் தலைமைக்குக் குறித்தனர். தேவ்தர் சிறந்த ஆட்டக்காரரே, அவர்மேல் குறையொன்றுமில்லை. ஆனால் சிவராமும் விட்டலும் அணியினின்று விலகி, காரணத்தை ஒளிக்காமல் பத்திரிகை வாயிலாக வெளியிட்டனர். தம் சகோதரருக்கு இழைத்த அநீதி ஜாதி பற்றியது என்பதே அதன் சாரம். மைதானத்திலிருந்து இத்தகைய குரல் எழுந்தது புதுமை. பின்னர்ச் சமரசம் ஏற்பட்டு, பாயீ தலைவராகவும் பாலு உபதலைவராகவும் அமைந்தனர். பாயீ சற்றுப்பொழுது மைதானத்தை விட்டு நீங்கியபோது ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு பாலுவிடம் வந்தது. அவர் தலைமை வகித்த காலம் அவ்வளவே.

மூன்றாண்டு கழித்து, 1923-ல், விட்டல் ஹிந்துக்களின் தலைவரானார். அவ்வாண்டே ஐரோப்பியரை வென்று கோப்பையையும் கொணர்ந்தார். பாலு அதற்குள் ஆட்டத்தினின்று ஓய்ந்திருந்தார்.

அவருடைய கணக்கை இங்கே தொகுத்துப் பார்ப்போம். முதல்தரப் பந்தயங்கள் 33, விக்கெட்டுகள் 179, சராசரி 15.21. இங்கிலாந்தில் எடுத்த 75-ஐக் கழித்தால் இந்திய மண்ணில் எடுத்தவை 104. கணக்கிட்டுப் பார்த்தால் அவற்றின் சராசரி 12 ஓட்டங்களுக்கும் குறைவு. புனா வலையில் ஒருநாளும் மட்டை தரப்படாத அவர், முதல்தர ஆட்டங்களில் 753 ஓட்டங்களும் எடுத்தார். ஓர் இன்னிங்ஸில் அதிகம் 75. இந்தியா முதல் டெஸ்ட் பந்தயம் ஆடியது 1932-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில். ஆதலால் டெஸ்ட் ஏடுகளில் அவர் பெயர் இல்லை. முப்பத்துமூன்று பந்தயங்கள் என்பது இன்றைய ஆட்டக்காரர் ஓரிரு ஆண்டுகளில் முடித்துவிடும் தொகை. அவரோ அதற்குப் பதினைந்து ஆண்டு காத்திருந்து ஆடவேண்டியிருந்தது.

ஆட்டம் ஓய்ந்தபின் பாலு பொதுவாழ்வில் இறங்கினார். இவ்விடத்தில் அவருடைய வழியும் அம்பேத்கருடைய வழியும் பிரிந்தன. தாழ்த்தப்பட்டோர்க்குத் தனித் தொகுதி வேண்டும் என்றார் அம்பேத்கர்; கூட்டுத் தொகுதியில் ஒதுக்கிய இடங்களே தக்கவை என்றார் சென்னை எம். சி. ராஜா. பாலு ராஜாவின் பக்கம் நின்றார். 1932-ஆம் வருஷம் செப்டம்பர் 20-ஆம் தேதி காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாவிரதம் தொடங்கியபோது, அம்பேத்கரைக் கண்டு உடன்பாட்டுக்கு இணங்குமாறு வேண்டியவருள் பாலுவும் ஒருவர். 24-ஆம் தேதி புனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதில் கையொப்பமிட்டோருள் பாலு உண்டு, எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் என்னும் தமிழர்களும் உண்டு. ஓசூரையடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியும் உண்டு. தொரப்பள்ளி அன்று சேலம் ஜில்லா, 1965 முதல் 2004 வரை நம் தருமபுரி ஜில்லாவின் பகுதி, இப்போது கிருஷ்ணகிரி.

பாலு செய்தது சரியா என்று கேட்பவர் உண்டு. தன் வாழ்நாளில் கதவு சிறிது சிறிதாகத் திறந்ததைக் கண்டவர், தட்டினால் மேலும் திறக்கும் என்று நம்பியதில் வியப்பில்லை. அக்கதவு முழுதும் திறவாததைக் கண்ட இளையவர், தனி வாயில் வேண்டுமென்று கேட்டதிலும் நியாயம் இருந்தது. இருவருள் ஒருவரைப் பழிக்க நமக்கு நா எழவில்லை.

1937-ல் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ், அம்பேத்கருக்கு எதிராகப் பாலுவையே நிறுத்தியது. முன்னொருகால் வாழ்த்துப் பத்திரம் அளித்த இளைஞரும் அதனைப் பெற்ற வீரரும் எதிரெதிர் நின்றனர். அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225. வித்தியாசம் 2,020. அதன்பின் அவர் அரங்கத்தினின்று ஒதுங்கி அமைதியாய் வாழ்ந்தார்.

மதவாரியாக ஆடப்பட்ட பம்பாய்ப் போட்டி 1946-உடன் நின்றுபோயிற்று. 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனை மீறுவோரைத் தண்டிக்கும் சட்டம் 1955 ஜூன் 1-ஆம் தேதி அமலாயிற்று. உணவு விடுதிகளில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுத்தல் குற்றம் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பல்வங்கர் பாலு அவ்வருஷம் ஜூலை மாதத்தில் பம்பாயில் காலமானார்.